காவிரிப் பாலத்தில் கூடவே ஓடியவர்

திருச்சி மாரத்தானில் காவிரிப் பாலம் வரை என்னோடு சேர்ந்தே ஓடிவந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி கழற்றி, நனைந்து ஒட்டிய பனியனிலேயே துடைப்பார். அது இன்னும் மங்கும். ஆற்றுப் பக்கமிருந்தும் காற்றில்லை. புழுக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. திடீரென்று அவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"போதும் சார், நின்னுடுங்க. ஆம்புலன்ஸ் பின்னாடியே வருது," என்றேன்.

"நின்னா வீட்டுக்குப் போகணுமேங்க," என்றார். அழுதுகொண்டே மறுபடி ஓடத் தொடங்கினார்.

ஸ்ரீரங்கத்தில் முடிவுக்கோட்டை இருவரும் ஒன்றாகத் தாண்டினோம். நான் தரையில் சரிந்தேன். அவர் மெடலோடு நின்ற பெண்ணையும் கடந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

"சார், முடிஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவேயில்லை. அந்த வீட்டில் அப்படி என்னதான் காத்திருந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது.