கூட்டத்துக்குப் போன பவுசர்

தண்ணீர்ப் பவுசர் லொறி ஓட்டுகிறவன் வாயைத் திறந்தால் வேலை போகும். ஆகவே நான் குழாயை மட்டும் திறக்கிறவன்.

அன்றைக்கு நகரசபை மண்டபத்தில் இருந்தவர்கள்: தலைவர், செயலாளர், கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்கள் இருவர், உறுப்பினர்கள் பதினொருவர், படம் பிடிக்க ஒருவர், தேநீர் கொடுக்க இருவர், வாசலில் நான். மொத்தம் பத்தொன்பது பேர். வளரும் நகரத்தில் தண்ணீரை எப்படிச் சேமிப்பது என்று திட்டம் போடக் கூடியிருந்தார்கள். குடிதண்ணீர் இல்லாத வாவிக்கரை ஒழுங்கையிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. வரிசையில் குடம் வைத்து வெயிலில் நின்று பழகிய உங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

தூசி

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவிக்கரைக் கிணறுகள் உவராகிவிடும். பவுசர் போனால்தான் அங்கே உலை வைக்கலாம். காலையில் தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டு அந்த ஒழுங்கைக்குத் திரும்பும் நேரத்தில் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மண்டபத்து முற்றத்தில் புழுதி பறக்கிறதாம். விருந்தாளிகள் வந்து இறங்குமுன் நனைத்துவிட வேண்டுமாம்.

போய் நின்று, "இது குடிக்கிற தண்ணி, சேர்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல். அவருக்குக் கேட்டுவிட்டது.

"அதுதான் அண்ணே நல்லது. உவர்த் தண்ணி அடிச்சா வாகனம் கறள் கட்டிரும்."

முதலிடம்

நனைத்ததும் போய்விடலாம் என்று நினைத்தேன். கூட்டம் முடிய இன்னொரு தரம் நனைக்க வேண்டும், நில் என்றார்கள். உள்ளே ஆலோசகர் ஒருவர் சுவரில் நகரத்தின் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரை அதிகம் செலவழிக்கும் பகுதிகள் சிவப்பு, சிக்கனமானவை பச்சை. முழு நகரத்திலும் கரும்பச்சையாக இருந்தது வாவிக்கரை ஒழுங்கை. அங்கே குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் செலவாகவில்லையாம். எல்லோரும் கை தட்டினார்கள்.

பின்வரிசை உறுப்பினர் ஒருவர் மட்டும் எழும்பி, அங்கே பைப்பே போடவில்லை, அதைக் கேட்டுத்தான் அந்தச் சனம் அலைகிறது என்றார். தலைவர் யோசிக்கக்கூட இல்லை.

"பைப் குடுத்தா முதலிடம் போயிடுமே, தம்பி!"

கட்டார்க் குடம்

பைப் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. முற்றம் இரண்டாந்தரமும் நனைந்தது. நான் ஒழுங்கைக்குப் போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முற்றம் நனைந்த கதை எனக்கு முன்னமே அங்கே வந்திருந்தது.

அங்கே குடம் நின்றால் ஆள் நின்றதற்குச் சமம். அடையாளத்துக்குக் கழுத்தில் துணித்துண்டு கட்டி வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். ஒருவர் குடத்தை மற்றவர் நகர்த்த மாட்டார். ராசம்மாவுக்கு இரண்டு குடம். ஒன்று அவளுக்கு, மற்றது கட்டாரில் வேலை செய்யும் மகனுக்கு. நான் பார்த்த பார்வைக்கே பதில் வந்தது.

"என்ன பாக்கிறீங்க? அவன்ட பேர் இன்னும் ரேஷன் கூப்பன்ல கிடக்கு. ஆள் போனா குடமும் போகணுமா?"

குளிக்காத பிள்ளை

கட்டார்க் குடம் நிரம்பியதும் குழாய் இருமியது. பிறகு காற்றுத்தான் வந்தது. நிரம்பாமல் நின்றவை பன்னிரண்டு குடம். கடைசிக் குடம் புஷ்பத்தினுடையது. மகளையும் பிறந்த குழந்தையையும் அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்ததால் பிந்திவிட்டாள். இன்னொரு பவுசர் வருமா என்று கேட்டாள். நாளைக்குத்தான் என்றேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் நேரே ராசம்மாவிடம் போனாள்.

"அக்கா, கட்டார்ல இருக்கிறவன் இண்டைக்குக் குளிச்சிருப்பான். என்ட பேரப்பிள்ள இன்னும் குளிக்கல்ல. உவர்த் தண்ணி வாத்தா பச்சை உடம்பெல்லாம் சொறியும்."

ராசம்மா முணுமுணுத்தபடி மகனுடைய குடத்துத் தண்ணீரைப் புஷ்பத்தின் குடத்தில் ஊற்றினாள். பிறகு வெறுங்குடத்தைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்து, துணித்துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"நாளைக்கு இவங்கட பவுசர் எந்த முற்றத்துக்குப் போகுதோ! நாம இடத்தையாவது பிடிச்சு வைப்பம்."

புஷ்பம் குடத்தோடு போன பிறகு எண்ணிப் பார்த்தேன்: நகரம் அன்றைக்குச் சேமித்தது பன்னிரண்டு வெறுங்குடம்.