ஒற்றைச் செருப்பு

"இந்தச் செருப்பையும் தொலைச்சுட்டு வீட்டுக்கு வராதே!"

கோயில் வாசலில் மனைவி மகனைத் திட்டியதும் எனக்குச் சித்தியின் குரல் கேட்டது.

பல வருடங்களுக்கு முன் காஞ்சிபுரத்தில் சித்தப்பாவிடம் அவளும் இதையேதான் சொன்னாள். தறியை விட்டு எழுந்தால் அவருக்குக் கோயில்தான், திரும்புவது வெறுங்காலோடு. அன்று புது ரப்பர் செருப்பைத் திருட்டுக்குப் பயந்து குளத்துப் படிவரை போட்டுக்கொண்டு போனார். கால் கழுவும்போது ஒன்று தண்ணீரில் நழுவியது. நீச்சல் தெரியாத மனிதர் அதன் பின்னாலேயே இறங்கிவிட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "செருப்புக்காகவாப்பா?" என்று கேட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுநாள் செருப்பு தானாகவே மிதந்து படியோரம் ஒதுங்கியது. சித்தி அதைக் கழுவி, மற்றதோடு ஜோடி சேர்த்து வாசலில் வைத்தாள். தெருவைப் பார்த்து, "ரெண்டும் இருக்குதுங்க, வீட்டுக்கு வாங்க" என்றாள்.

மகனின் தோளை இறுகப் பிடித்தேன்.

"தொலைஞ்சா தொலையட்டும்பா. நீ வந்துடு."