பிரின் எந்த மாநிலத்துப் பெண்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரின் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் ரோண்டா கெர்ட்ஸுடையது. பத்தொன்பது வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். முகவரிச் சான்று இரண்டு வேண்டும் என்பாள். ஒன்றோடு வந்து நிற்கிறவன் கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, போய் இன்னொன்று கொண்டு வா என்பாள். "இந்த அயோவாவுல எவன் எங்க குடியிருக்கான்னு என்கிட்ட மறைக்க முடியாது" என்று சக ஊழியர்களிடம் பீற்றிக்கொள்வாள். அந்தப் பீற்றல்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

அவளுக்கு ஒரே மகள், பிரின். பெண்ணுக்குக் கணினிப் பைத்தியம். அயோவாவின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறை ஏதோ பரவாயில்லை ரகம். ஆனால் இடம் நிச்சயம். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாய் மாநிலம். அங்கே அந்தத் துறைக்குப் பெரிய பெயர். ஆனால் வெளிமாநிலப் பிள்ளை என்றால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல்.

ரோண்டாவுக்கு அப்போதுதான் கர்ட் ஞாபகத்துக்கு வந்தான். அவளை விவாகரத்து செய்துவிட்டு டானாவைக் கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் மோலினில் குடியிருக்கிறவன். பாலம் ஏறி இறங்கினால் பன்னிரண்டு நிமிடம். பிரின் பள்ளியின் கடைசி வருடத்தை அங்கே இருந்து படித்தால் இல்லினாய்ப் பெண் ஆகிவிடுவாள். மகளை வளர்க்கும் எந்தப் பொறுப்புக்காக ஆறு வருடத்துக்கு முன் நீதிமன்றத்தில் அவனோடு மல்லுக்கு நின்றாளோ, அதை அவளே அவன் பேருக்கு எழுதிக் கொடுக்கக் கிளம்பினாள்.

கர்ட்டே தயங்கினான். "நல்லா யோசிச்சியா ரோண்டா? புள்ள சமாச்சாரம் இது."

"காகிதத்துலதான் மாறுது. நீ ரொம்பத் தகப்பன் வேஷம் கட்டாத."

பிரின் போகமாட்டேன் என்று காரிலேயே அழுதாள். "ஒரு வருஷம்தானேடி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்று சொல்லி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ரோண்டா வந்துவிட்டாள்.

முதலில் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள் பெண். பிறகு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. பிறகு பள்ளி ரோபோ குழுவுக்குப் போட்டி என்றாள். குழுவை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது டானாதானாம்.

"அவ பண்ற கேஸரோல் தொண்டைல இறங்குதா?" என்று ரோண்டா ஒருநாள் நக்கலாகக் கேட்டாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

ரோண்டா அன்று சாப்பிடவில்லை.

மார்ச்சில் இல்லினாயிலிருந்து பதில் வந்தது. இடம் உண்டு, ஆனால் கணினித் துறையில் இல்லை. எந்தத் துறை என்று முடிவாகாத பிள்ளைகளோடு சேர்த்திருந்தார்கள். உள்ளே வந்தபின் கணினிக்கு மாறலாம் என்று கனவு காணாதே என்றும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். போகட்டும், நம்ம ஊர் இருக்கிறதே என்றாள் ரோண்டா. அயோவா கணினித் துறையிலேயே இடம் கொடுத்தது. கூடவே வெளிமாநிலக் கட்டணம் கேட்டது.

ரோண்டா அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள். மறுமுனைப் பெண் அசரவில்லை. "மேடம், உங்க பொண்ணோட லைசென்ஸ், ஸ்கூல், கோர்ட் உத்தரவு எல்லாமே இல்லினாய்தானே?"

"அது சும்மா ஒரு ஏற்பாடும்மா."

"அப்படின்னா அம்மாவும் பொண்ணும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அங்க தற்காலிகமாத்தான் தங்கினா, அவ வீடு எப்பவும் டேவன்போர்ட்தான்னு. கட்டணத்தைக் குறைக்க முடியுமான்னு பாக்கறோம்."

அன்றே தட்டச்சு செய்து தன் கையெழுத்தைப் போட்டாள். சனிக்கிழமை மதியம் மோலினில் பிரினை ஒரு கடைக்கு வரவழைத்து, அவளுக்குப் பிடித்த டாக்கோ பீட்சாவை வாங்கிவைத்து, காகிதத்தை நீட்டினாள். பிரின் இரண்டு முறை படித்தாள். பேனாவைத் தொடவில்லை.

"போடுடி. நீ ஆசைப்பட்ட படிப்பு, கைக்கெட்டுற தூரத்துல இருக்கு."

"முடியாதும்மா. இது பொய்."

"அவ சொல்லிக் கொடுத்தாளா?"

"டானாவுக்கு இந்த விஷயமே தெரியாது. தற்காலிகம்னு எப்படிம்மா எழுதறது? நான் இங்கதான் இருக்கேன். என் ரூம் இங்க இருக்கு. என் ஆளுங்க இங்க இருக்காங்க."

"ஒரு வருஷம்டி! ஒரே வருஷத்துல பெத்தவ வேத்தாளாப் போயிட்டேனா?"

"போகமாட்டேன்னு அன்னிக்கு அழுதேன். நீ காரை எடுத்துட்டுப் போயிட்ட. மூணு மாசம் அழுதேம்மா. அப்புறம் பழகிருச்சு."

"அப்ப படிப்பு?"

"இங்கயே ரெண்டு வருஷக் காலேஜ்ல கணினி இருக்கு. வீட்டுலேர்ந்தே போயிட்டு வருவேன்."

வீடு என்று அவள் எதைச் சொன்னாள் என்று ரோண்டாவுக்குப் புரியாமலில்லை. யாரைத் திட்டுவது? கர்ட்டையா, டானாவையா? தன் வாயில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தன் கையெழுத்து மட்டும் இருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

பாதிக்கு மேல் பீட்சா மிச்சம் இருந்தது. "இதை எடுத்துட்டுப் போகட்டுமாம்மா? டானாவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள் பிரின்.

ரோண்டாதான் பெட்டியை மூடி எடுத்துக் கொடுத்தாள்.