அறுபத்து மூன்றாம் பதிப்பில் மனைவி

உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அந்த மனிதரை அங்கே வேலை செய்பவர்கள் 'பதிப்பு சார்' என்பார்கள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் கணினியில் சேர்த்து வைக்க, பத்து வருடமாக ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டே இருக்கிறார். அதில் எதையும் எங்கேயும் நகர்த்தலாம். எதைத் திருத்தினாலும் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கும். செருப்பு அளவுக்கே நாலு பதிப்பு வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரி தன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு நாளாகிறது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று இவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முதல் இரண்டு நாள் மனுஷருக்கு ஏக நிம்மதி. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டினார். மூன்றாம் நாள் காபியில் உப்பைப் போட்டுக் குடித்தார். எட்டாம் நாள் வீறாப்பை விட்டு, எப்போது வருகிறாய் என்று போன் செய்தார். அவள் சண்டைக்கு வரவில்லை.

"கிளம்புறதுக்கு முந்தின வாரம் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அது என்னன்னு சொல்லுங்க, வர்றேன்."

இவ்வளவுதானா என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இப்படியொரு நாளுக்காகத்தானே இத்தனை பாடு! பத்து நிமிஷம் அவகாசம் கேட்டு உட்கார்ந்தார். 'மனைவி' என்ற பக்கத்துக்கு அறுபத்து மூன்று பதிப்புகள். கடைசிப் பதிப்பில், "கருத்து: ஒன்று. நிலை: பதிவாகிவிட்டது" என்றிருந்தது. அதற்கு முந்தையதில் அவளைக் 'குடும்பம்' பிரிவிலிருந்து 'பராமரிப்பு' பிரிவுக்கு மாற்றியிருந்தார். அதற்கும் முன்னால் தலைப்புக்கு நீல நிறம் கொடுத்திருந்தார். போகட்டும், அன்று எழுதியது அப்படியே இருக்கும் என்று தேதியைப் பார்த்துக் கீழே போனார்.

இருந்தது. அவள் எதிரே நின்று பேசும்போதே தட்டியது: "மனைவி ஏதோ சொல்கிறாள். இப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பிரிவு வேண்டும்." அதன் கீழே அந்தப் பிரிவை அமைக்கும் விதம், முப்பது வரி.

நல்ல காலமோ கெட்ட காலமோ, அவருக்குப் பொய் சொல்ல வராது. திரும்பப் போன் செய்து, இருந்ததை அப்படியே படித்துக் காட்டினார். முப்பது வரியையும் கேட்டு முடித்துவிட்டு அவளே சொன்னாள்.

"கண்ணுல புரையாம், ஆப்பரேஷன் பண்ணணுமாம், பயமா இருக்கு, கூட வாங்கன்னு சொன்னேன். நேத்து முடிஞ்சுடுச்சு. அக்காதான் கூட வந்தா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பாவி, எதிரேதானே நின்றாள். ஆறுதலாக ஏதாவது கேட்க வேண்டும் என்று வாயெடுத்தார். எந்தக் கண் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.