‘வர்றேன்’ செயலி

அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பொழுது சாய இறங்குவாள். எங்கள் தெருப் பெண்கள் வேலைக்கு வருவதை டிரைவர் அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுத்துத்தான் தெரிவிப்பார்கள். அழைப்பு வராத வீட்டு முனையில் ஜீப்பு நிற்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் அடிப்பதால் சிலருடையது விழாமலே போகும். அன்று அவர்களுக்குக் கூலி இல்லை. அம்மாவும் அப்படி நின்று திரும்பியிருக்கிறாள்.

கணினி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் இதற்கென்று ஒரு செயலி செய்தேன். திறந்தால் ‘வர்றேன்’ என்று ஒரே பொத்தான். அமுக்கினால் டிரைவர் போனில் பேர் வந்துவிடும்.

அந்தப் பெண்களின் போன்கள் பிள்ளைகள் வாங்கிக் கழித்துப் போட்டவை. பேரன்களின் வீடியோவும் சாமி படமும் அடைத்துக் கிடக்கும். செயலி செய்வதற்கென்று பெரிய நிறுவனங்கள் தரும் கட்டமைப்புகளில் செய்தால் செயலி பெருத்துவிடும், அந்தப் போன்களில் ஏறாது. தேடிப் பிடித்தது, எங்கோ சிலர் ஓய்வு நேரத்தில் எழுதி, மூல நிரலோடு இலவசமாக விட்டிருந்த ஒரு குட்டிக் கட்டமைப்பு. செயலி ஒரு போட்டோவைவிடச் சிறியதாக வந்தது. எல்லோர் போனிலும் ஏறியது, ஜீப்பு யாரையும் விட்டுப் போகவில்லை. கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் டிரைவர் அண்ணன் புதுப் போன் வாங்கினார்.

“பாப்பா, இதுல ஏற மாட்டேங்குது. பழைய போனுக்குச் செஞ்சதுன்னு சொல்லுது.”

அந்தக் குட்டிக் கட்டமைப்பின் இணையப் பக்கத்துக்குப் போனேன். இனி இதை யாரும் பராமரிக்க மாட்டார்கள், வேண்டுபவர் நிரலை எடுத்துத் தொடரலாம் என்று மேலே எழுதியிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, வீட்டில்தான் ஆளில்லை. நிரலை இறக்கி நானே சரிசெய்யப் பார்த்தேன். ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் உடைந்தது. என் படிப்பு அதற்குப் போதவில்லை, அதுதான் உண்மை. அங்கேயே உதவி கேட்டு எழுதினேன். எனக்கு முன்பே யார் யாரோ இதையே கேட்டிருந்தார்கள். வெகுநாள் கழித்து ஒரு பதில் வந்தது. பதறிப்போய்த் திறந்தேன். “உங்களுக்குச் சரியாகிவிட்டதா?” என்று யாரோ கேட்டிருந்தார். இல்லை என்று எழுதினேன்.

பெரிய கட்டமைப்பில் மறுபடி செய்தேன். டிரைவர் போன் மடமடவென்று ஏற்றுக்கொண்டது. அம்மா போன் இடமில்லை என்றது; பழைய செயலி மட்டும் அதில் கிடந்தது.

“அந்த வீடியோவையெல்லாம் அழிச்சிரலாமாம்மா?”

“பேரன் மழலை பேசுனத அழிச்சிட்டா யாரு திரும்பக் கொண்டாருவா? விடு ஆத்தா, மிஸ்டு காலே போதும்.”

மற்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன வாரம் ஜீப்பு அம்மாவை விட்டுவிட்டுப் போய்விட்டது. முனையில் நின்று பார்த்துவிட்டுத் தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். மத்தியானத்துக்குக் கட்டிய சோற்றைக் காலையிலேயே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மிஸ்டு கால் குடுத்தியாம்மா?”

“குடுத்தேன். அவருக்கு விழுகலபோல.” ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒன்னோட பழைய பொத்தானையும் அமுக்கிட்டுத்தான் போனேன் ஆத்தா. தெனமும் அமுக்கிட்டுத்தான் போறேன்.”