பெயர் எழுதாத சோடா பாட்டில்

இன்று மருந்துக்கடையில் ஒரு பெண் ஆப்ப சோடா கேட்டாள். அவள் அம்மாவுக்குப் புற்றுநோய் ஊசி போட்டதில் வாயெல்லாம் புண்ணாம். உப்பும் சோடாவும் கரைத்துக் கொப்பளிக்கச் சொன்னார்களாம்.

மாத்திரை வாங்க நின்ற நான் அவள் பக்கம் திரும்பினேன்.

தொண்ணூறுகளில் என் கணவருக்கும் அதே ஊசி, அதே புண். திருப்பூரில் சாயப்பட்டறை வேலை அவருக்கு. துணி துவைக்க அங்கிருந்து கொண்டுவந்த சோடாவும் என் அடுப்படியில்தான் இருந்தது. இரண்டும் வெள்ளைத் தூள். பாட்டிலை மாற்றி எடுத்துக் கரைத்துவிட்டேன்.

பட்டறைப் பழக்கத்தில் எதையும் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்; அன்றும் அப்படித்தான்.

"வாயில ஊத்தறதையுமாங்க?" என்று சலித்துக்கொண்டேன்.

தேய்த்த விரல் அப்படியே நின்றது. புண் வலியில் இரண்டு நாளாகப் பேசாதவர் வாயைத் திறந்தார்.

"அம்மிணி, சோப்பாட்டம் வழுக்குது. இது சாயத்துக்குப் போடறது."

ஒரு மடக்கு போயிருந்தால் அந்தப் புண் வாய் வெந்திருக்கும்.

"கண்ணு, பாட்டில்ல பேரெழுதி ஒட்டீருங்க" என்று இன்று கடையில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

நான் இன்னும் சர்க்கரையைக்கூட நனைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் காப்பியில் போடுகிறேன். நீங்களும் சிரியுங்கள், அதற்கு முன்னால் உங்கள் அடுப்படியில் பெயரில்லாத வெள்ளைத் தூள் எத்தனை பாட்டிலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.