செண்பகவல்லிக்குக் கிடைத்த பத்து நிமிடம்

சர்வதேசக் கல்வி மாநாடு என்றால் ஸ்ரீரங்கத்துச் செண்பகவல்லிக்கு ஒரே வேலைதான், வந்தவர்களைக் கவனிப்பது. துவாக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. ஏர்போர்ட்டில் பூங்கொத்து, மேடையில் பொன்னாடை, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் கோயில் என்று பல வருஷமாகப் பம்பரமாகச் சுற்றுகிறாள். போலந்துக்காரருக்குக் காரம் ஆகாது, கொழும்புக்காரருக்கு இரண்டு டீ வேண்டும், எல்லாம் அத்துப்படி. அவர்கள் மேடையில் என்ன பேசினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், அந்த நேரத்தில் அவள் அப்பளம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் அம்மாளுக்கும் ஆசை வந்துவிட்டது, தானும் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டுமாம். வகுப்பில் கேள்வியே கேட்காத பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. துறையூர்ப் பக்கமிருந்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த அறுபத்திரண்டு பேரிடம் மூன்று வருஷம் பேசி எழுதியிருந்தாள். பிரின்ஸிபால் தட்டிக்கழிக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் தந்தார். கூடவே, சாப்பாட்டையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும், அவளை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். புகழ்ச்சிக்கு மயங்குகிற ஜென்மம், தலையாட்டிவிட்டது.

அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். தன் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் வயிறார உட்கார வேண்டுமாம்! வீட்டு விசேஷங்களுக்குத் தளிகை செய்கிற சமையல்காரர் ரங்கநாதனையே வரவழைத்தாள். புளியோதரை, மோர்க்குழம்பு, சேப்பங்கிழங்கு ரோஸ்ட், கடைசியில் இனிப்புக்கு நெய் வழிய அக்காரவடிசல். இலை இலையாகப் போய் நின்று, இன்னும் கொஞ்சம் என்று உபசரித்தாள். வேண்டாம் என்று கையால் மறைத்த பின்லாந்து அம்மாளின் இலையிலும் இரண்டு கரண்டி விழுந்தது.

இரண்டு மணிக்கு அரங்கில் இருபது பேர். செண்பகவல்லிக்கு வாயெல்லாம் பல். ஏசி வேறு சில்லென்று ஓடியது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குள் முன்வரிசைக்குக் கண் சொருகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர் குறட்டை விட்டார். அமர்வுத் தலைவர் பிரஹலாத் நெற்றியில் கை வைத்து, ஆழ்ந்து யோசிக்கிறவரைப் போலத் தூங்கினார். சக ஆசிரியை பெலிண்டா ஒருத்திதான் விழித்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, இனிப்பைத் தொடவில்லை.

மூன்று வருஷ உழைப்பு. எப்படியோ முடித்தாள். பெலிண்டா ஒற்றை ஆளாகக் கைதட்ட, அந்தச் சத்தத்தில் விழித்தவர்கள் எல்லாம் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மிகச் சிறந்த கட்டுரை என்று பிரஹலாத் கூசாமல் சொல்லிவிட்டு, கேள்வி உண்டா என்றார். ஐந்து கைகள் உயர்ந்தன. செண்பகவல்லி நெகிழ்ந்தே போனாள்.

முதலில் எழுந்தவர் மலேசியாக்காரர். "அந்த நெய் இனிப்பு ராத்திரிக்கும் உண்டுங்களா?" என்று கேட்டார். மற்ற நான்கு கைகளும் நிம்மதியாகக் கீழே இறங்கின.

அழுதிருப்பாள். அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"ஒரு அண்டா நிறைய இருக்குங்க. ஆனா என் கட்டுரையைக் கேட்டவங்களுக்கு மட்டும்தான்."

பெலிண்டா அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லி வெளிநாட்டுக் காதுகளிலும் போட்டாள். செண்பகவல்லி முதல் பக்கத்துக்கே திரும்பி, ஆரம்பத்திலிருந்து வாசித்தாள். பிரஹலாத் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

இந்த முறை ஒருவரும் தூங்கவில்லை. முதலில் இனிப்புக்காகத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், இல்லை என்று சொல்வானேன்? அல்ஷிஃபா என்ற மாணவி சொன்னதை அவள் வாசித்தபோது அரங்கு அடங்கிப்போயிற்று. எழுந்து கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்குப் பயந்தே மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

முடிந்ததும் மலேசியாக்காரர் தயங்கித் தயங்கி எழுந்து, இப்படிப்பட்ட ஒருவர் கையைத் தூக்க எத்தனை காலம் பிடிக்கும் என்று கேட்டார்.

செண்பகவல்லி தாள்களை மூடி வைத்தாள்.

"பிள்ளைங்க சீக்கிரமே தூக்கிடுவாங்க, சார்," என்றாள். "நான்தான் இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத் தூக்கியிருக்கேன்."